ஆயத்தம் என்பது நாட்கணக்கு

2024 நவம்பர் கடைசி வாரத்தில் வங்காள விரிகுடாவில் திரண்டு, பின்னர் ‘ஃபெங்கல்’ என்று பெயர் பெற்ற புயல், புதுச்சேரிக்கு அருகே கரையேறுமுன் இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டுப் போனது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எது வயல், எது வீதி என்று தெரியவில்லை. வெள்ளம் வடியத் தொடங்கிய கையோடு வடமராட்சியில் காய்ச்சல் கிளம்பியது. பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் உழைக்கும் வயதில் இருந்தவர்கள் காய்ச்சலோடு படுத்தார்கள். சிலருக்குச் சில நாட்களிலேயே மூச்சுத்திணறல் வந்தது. டிசம்பர் 12ஆம் திகதியளவில் ஏழு பேர் இறந்திருந்தார்கள். அதுவரை செய்திகளில் அந்த நோய் ‘இனங்காணப்படாத காய்ச்சல்’ என்றே வந்துகொண்டிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு வந்தபோதுதான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது.

அந்த நாட்களில் குடாநாட்டில் எழுந்த கேள்விகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏழு உயிர் போகுமட்டும் நோயின் பெயர் தெரியாமல் இருந்தது ஏன்? எங்கள் ஆஸ்பத்திரிகளில் போதிய தீவிர சிகிச்சைக் கட்டில்கள் இருக்கின்றனவா? மாதிரியை மலைநாட்டுக்கு அனுப்பித்தான் முடிவு பெறவேண்டுமா? மருத்துவர்கள் தரப்பில், காய்ச்சல் வந்தவுடன் வராமல் நோயாளிகள் கடைசி நேரத்தில் வருகிறார்கள் என்ற ஆதங்கம் இருந்தது. நிர்வாகத்தின் தரப்பில், ஆளணியும் பணமும் இல்லாமல் என்ன செய்வது என்ற பதில் இருந்தது. 2020இல் கொவிட் வந்தபோதும், 2023 டிசம்பரில் டெங்கு பெருகியபோதும் இதே வாதங்கள் நடந்தன.

மூன்று முறையும் வாதம் பெரும்பாலும் பொருட்களைப் பற்றியே நடந்தது: கட்டில், இயந்திரம், மருந்து, ஆய்வுகூடம். இவை தேவைதான். ஆனால் கொள்ளைநோய் ஒன்றை எதிர்கொள்ளும் ஆயத்தத்தை அறிவியல் அளப்பது நாட்களால். கிருமி உடம்பில் புகுந்த நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், மருத்துவர் சரியான நோயைச் சந்தேகித்த நாள், சுகாதாரப் பணிமனைக்குத் தகவல் போன நாள், ஊரில் வேலை தொடங்கிய நாள். இவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகளின் கூட்டுத்தொகைதான் ஒரு மாவட்டத்தின் ஆயத்தம். 2024 டிசம்பரை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது.

கிருமியின் வழி

எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் பக்டீரியா. நூலிழையைச் சுருளாகத் திரித்தது போன்ற உருவம். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்களவே தடிப்பு. சாதாரண நுணுக்குக்காட்டியில் இது தெரியாது. யப்பானில் இனாடா, இடோ ஆகியோர் 1915இல் இதைக் கண்டறிந்தார்கள்.

எலியின் சிறுநீரக நுண்குழாய்களில் இது குடியிருக்கும். எலிக்கு நோய் எதுவும் தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் அதன் சிறுநீரோடு கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். மாடு, ஆடு, நாய், பன்றி ஆகியவையும் இதைச் சுமக்கும். ஈரமும் நிழலும் உள்ள, உப்பும் அமிலமும் குறைந்த மண்ணில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உலர்ந்தால் செத்துவிடும். குடாநாட்டில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. பெருநதி இல்லாத தட்டை நிலம். நீர் வடியச் சில நாள் செல்லும். காலபோக நெல் வயலில் நிற்கும் காலமும் அதுதான். வளைகளில் வெள்ளம் புகுந்ததும் எலிகள் மேட்டுக்கும் வரம்புக்கும் வீட்டுக்கும் ஏறும். வரம்பு பார்க்கவும் வாய்க்கால் வெட்டவும் கமக்காரர் வெறுங்காலோடு அந்தத் தண்ணீருக்குள் இறங்குவார்கள். காலில் சிறு கீறல் இருந்தாலே கிருமிக்குப் போதும். கீறல் இல்லாவிட்டாலும், நீரில் ஊறி மெத்துப்போன தோலும், கண்ணும் வாயும் அதற்கு வாசல்.

உள்ளே போன கிருமி நோயாக வெளிப்படுவதற்கு எடுக்கும் காலம் இரண்டு நாளிலிருந்து முப்பது நாள் வரை. பெரும்பாலானோருக்கு ஐந்து முதல் பதினான்கு நாட்கள். நவம்பர் 26ஆம் திகதியளவில் வெள்ளத்தில் இறங்கியவர் டிசம்பர் முதலாம் திகதிக்கும் பத்தாம் திகதிக்கும் இடையில் படுக்கையில் விழுவார். வடமராட்சியில் நடந்தது இதுதான். நோய் ‘இனங்காணப்படாதது’ ஆக இருந்தாலும், மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையிலான நாட்கணக்கைப் பிடித்துப் பார்த்திருந்தால் அது எந்தக் குடும்பத்து நோய் என்று ஊகிக்க இடமிருந்தது.

ஏன் சந்தேகம் எழவில்லை?

மருத்துவர்களைக் குறை சொல்வதற்கு முன் அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். குடாநாட்டில் டிசம்பர் என்றால் டெங்கு. வடகீழ்ப் பருவமழையோடு அது ஏறி, தை மாதத்தில் உச்சம் தொடும். காய்ச்சல், உடல்வலி, இரத்தத்தில் குருதிச்சிறுதட்டு குறைவு ஆகிய மூன்றோடும் டிசம்பரில் நூறு பேர் வந்தால் அவர்களில் பெரும்பாலானோர் டெங்கு நோயாளிகளாகவே இருப்பார்கள். மருத்துவ அறிவு என்பது ஓரளவுக்கு இந்த நிகழ்தகவுக் கணக்குத்தான். அதற்கு மேல், உண்ணிக்காய்ச்சலும் நெருப்புக்காய்ச்சலும் இங்கு பழகியவை. எலிக்காய்ச்சலோ இரத்தினபுரி, களுத்துறை, கேகாலை போன்ற ஈரவலய மாவட்டங்களின் நோய் என்றே நாடு பழகியிருந்தது. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோரைப் பிடித்து 200க்கு மேற்பட்டோரைக் கொன்ற பெரும் பரவலின்போதும் வடக்கு அதன் மையமாக இருக்கவில்லை.

இந்த அனுபவம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. 1995இல் மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவாவில் பெருமழைக்குப் பிறகு இதே கதை நடந்தது. காய்ச்சலோடு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். சிலர் நுரையீரலில் இரத்தம் கசிந்து இறந்தார்கள். டெங்கு என்று எண்ணிச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. இறந்தவர்களின் இழையங்களை ஆராய்ந்தபோதுதான் லெப்டோஸ்பைரா வெளிப்பட்டது. மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும்தான் எலிக்காய்ச்சலின் முகம் என்று பாடநூல் படித்த உலகம், அது காமாலை இல்லாமலே நுரையீரலைத் தாக்கிக் கொல்லும் என்பதை அந்த நாட்டிலிருந்து கூர்மையாகக் கற்றுக்கொண்டது. நுரையீரல் இரத்தக்கசிவு வந்துவிட்டால் நல்ல வைத்தியசாலையிலும் பாதிப்பேரைக் காப்பாற்றுவது கடினம்.

டெங்குக்கும் எலிக்காய்ச்சலுக்கும் வேறுபாடு தெரிய வேண்டிய காரணம் இங்கேதான் வருகிறது. டெங்கு ஒரு வைரசு. அதை நேரடியாகக் கொல்லும் மருந்து இல்லை, உடலின் நீர்க்கணக்கைக் காத்து நோயாளியைக் கரையேற்றுவதே சிகிச்சை. எலிக்காய்ச்சலுக்குக் காரணம் பக்டீரியா; பெனிசிலின், செஃப்ட்ரையக்ஸோன், டொக்ஸிசைக்கிளின் போன்ற மலிவான மருந்துகள் அதற்கு உண்டு. முதல் நாட்களில் கொடுத்தால் பயன் மிக அதிகம். சுவாசம் திணறிய பிறகு அந்தப் பயன் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவது வழக்கம். மருந்து வார்ட்டிலேயே இருந்தாலும் சந்தேகம் பிறக்காவிட்டால் அது போத்தலை விட்டு வெளியே வராது.

கேட்கவேண்டிய கேள்விகளும் எளியவை: கடந்த இரண்டு கிழமைக்குள் வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினீர்களா? கெண்டைக்காலில் தொட்டாலே வலிக்கிறதா? கண் சீழில்லாமல் சிவந்திருக்கிறதா? சிறுநீர் குறைந்திருக்கிறதா? எந்த இயந்திரமும் கேட்காத கேள்விகள் இவை.

ஆய்வுகூடத்தின் இரண்டு கிழமை

மாதிரியை அனுப்பினால் உடனே விடை வந்துவிடும் என்று பொதுமக்கள் எதிர்பார்ப்பது இயல்பு. எலிக்காய்ச்சலில் விடையின் தரம் நாளைப் பொறுத்தது. முதற் கிழமையில் கிருமி இரத்தத்தில் இருக்கும், அப்போது பீ.சி.ஆர். முறையில் அதன் மரபணுத் துண்டைப் பிடிக்கலாம். பிறபொருளெதிரிகள் தலைகாட்டுவது ஐந்தாம், ஏழாம் நாளுக்குப் பிறகே; அதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்து ‘இல்லை’ என்று வந்தால் அந்த ‘இல்லை’யை நம்ப முடியாது. உறுதிப்படுத்தும் பழைய முறையோ, உயிருள்ள பல வகை லெப்டோஸ்பைராக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருந்து, நோயாளியின் குருதி நீர்ப்பாயத்தோடு ஒவ்வொன்றையும் கலந்து பார்ப்பது. அதுவும் இரு வேறு நாள் எடுத்த இரத்தத்தை ஒப்பிட்டால்தான் முடிவு திடமாகும். கிருமியை வளர்த்தெடுக்கவோ வாரக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு. இப்படியான ஆய்வுகூடம் எல்லா மாவட்டத்திலும் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் பீ.சி.ஆர். விடயம் வேறு. 2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது சோதனைக்கு மாதிரிகள் குடாநாட்டை விட்டு வெளியே போகவேண்டியிருந்தது. ஏப்ரலில் யாழ்ப்பாணத்திலேயே பீ.சி.ஆர். தொடங்கியது, அதனால் முடிவுக்குக் காத்திருக்கும் நேரம் சுருங்கியது. இயந்திரம் எல்லாக் கிருமிக்கும் பொதுவானது. கிருமிக்கு ஏற்ப மாறுவது அதற்கிடும் வேதிப்பொருள்களும், அதைச் செய்யப் பழகிய ஆளும்தான். கொவிட் காலத்தில் ஒரு கிருமிக்காக உருவான அந்தத் திறமை, பருவமழைக் காலத்து மற்றக் காய்ச்சல்களுக்கும் விரிந்ததா என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி. 2024இல் விடை பேராதனையிலிருந்து வந்தது என்பதை அந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்று நோய், மூன்று மணிக்கூடு

எல்லாக் கொள்ளைநோய்க்கும் ஒரே ஆயத்தம் இல்லை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மணிக்கூடு ஓடுகிறது.

கொவிட் ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுவது. 2020 மார்ச் 15ஆம் திகதி அரியாலையில் நடந்த ஒரு ஆராதனையில், சுவிற்சர்லாந்திலிருந்து வந்த ஒருவரோடு கூடியிருந்தவர்களைத் தேடிப் பிடிப்பதே அன்றைய முழு வேலையாக இருந்தது. மார்ச் 22இல் குடாநாட்டின் முதல் நோயாளி உறுதியானார். இந்த வகை நோயில் ஒரு நாள் தாமதம் அடுத்த சுற்றில் பல நோயாளிகளாகப் பெருகும். ஆகவே ஆயத்தம் என்பது சோதனையும் தொடர்பு தேடலும் எவ்வளவு விரைவு என்பதுதான்.

டெங்குக்கு வருடாந்த நாட்காட்டி உண்டு. நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, முதல் மழையில் உயிர் பெறும். நல்ல தண்ணீரில் மட்டுமே வளரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட இந்த நுளம்பு, கரையோரங்களின் உவர்நீரிலும் பெருகுகிறது என்பதை ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நோபிள் சுரேந்திரனும் உள்ளிட்ட ஆய்வாளர் குழு 2011இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. கரையூர்களில் கவிழ்ந்து கிடக்கும் பழைய வள்ளத்தையும் பாவிக்காத கிணற்றையும் பார்க்காத டெங்கு ஒழிப்பு அரைகுறை ஒழிப்பே. இங்கே வேலை செய்யவேண்டிய மாதங்கள் ஆவணியும் புரட்டாதியும். மார்கழியில் புகையடிப்பது செய்தியில் வரும். நோயில் பெரிய மாற்றம் வராது.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஒரே வெள்ளத்தில் ஒரே சில நாட்களில் பலருக்கும் கிருமி புகுந்துவிடுகிறது; பிறகு ஒவ்வொருவராக விழுகிறார்கள். முதல் மரணச் செய்தி வரும் வேளையில், விழப்போகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே கிருமியைச் சுமந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கட்டில் எண்ணிக்கையைப் பற்றி விவாதிப்பது, உண்மையில் நடந்து முடிந்த ஒன்றின் விளைவைப் பற்றிய விவாதம். தடுக்கும் வாய்ப்பு மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையிலுள்ள அந்தப் பத்து நாளில் வந்து போய்விடுகிறது.

அந்த இடைவெளியில் செய்யக்கூடியதும் உண்டு. கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளின். பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படையினரிடம் செய்து 1984இல் வெளியான ஆய்வில், வெறும் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்துக் குளிசை எடுத்தவர்களில் ஒருவருக்கே வந்தது. நோய் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊர்களில் பின்னர் செய்த ஆய்வுகளில் பயன் இவ்வளவு துலக்கமாக இல்லை. ஆனாலும் பெருவெள்ளம் போன்ற குறுகிய ஆபத்துக் காலத்துக்கு இதை இலங்கையும் கேரளமும் பயன்படுத்துகின்றன. 2018 ஓகஸ்ற் வெள்ளத்தின்போது கேரள அரசு மீட்புப் பணியாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் இந்தக் குளிசையைப் பரவலாக வழங்கியது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஏற்றதன்று; சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆலோசனையோடுதான் எடுக்க வேண்டும்.

சத்தமில்லாத ஒரு வெற்றி

வடக்கால் இப்படி முன்கூட்டியே ஆயத்தமாக முடியாது என்பார்க்குச் சொல்ல ஒரு எதிர் உதாரணம் வடக்கிலேயே இருக்கிறது. 1999இல் இலங்கையில் 264,549 மலேரியா நோயாளிகள் பதிவானார்கள். போர் நடந்த வடக்கும் கிழக்கும்தான் அதில் பெரும் பாரத்தைச் சுமந்தன. 2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளி ஒருவரும் இல்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

கவனிக்கவேண்டியது அதன் பிறகு நடந்தது. அறிவித்த கையோடு மலேரியா ஒழிப்பு இயக்கம் கடையைக் கட்டவில்லை. நோயாளியே இல்லாத நாட்டில் பூச்சியியல் பணியாளர்கள் கிணறு கிணறாக நுளம்புக் குடம்பிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு அவர்கள் கையில் அகப்பட்டது. இந்தியப் பெருநகரங்களில் மலேரியா பரப்பும் இனம் அது. இலங்கையில் முன்பு பதிவானதே இல்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது கண்டறியப்பட்டது. ஒருவருக்கும் காய்ச்சல் வருமுன், ஒருவர் சாகுமுன், அபாயத்தின் பெயரும் முகவரியும் தெரிந்துவிட்டன. இதைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையிலும் விவாதம் நடக்கவில்லை. ஆயத்தம் சரியாக நடக்கும்போது செய்தி எதுவும் மிஞ்சாது. பணம் ஒதுக்கும் நேரத்தில் அதுவே அதற்கு வினையாகிறது.

கட்டிலின் இடம்

இதனால் வைத்தியசாலைப் பற்றாக்குறை பொய்யாகிவிடாது. வடமாகாணம் முழுவதற்கும் யாழ் போதனா வைத்தியசாலை ஒன்றே மூன்றாம் நிலை வைத்தியசாலை. பருத்தித்துறைப் பக்கத்து மந்திகை ஆதார வைத்தியசாலையில் மூச்சுத்திணறும் ஒரு நோயாளியை அங்கே மாற்ற ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் ஓடவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்கள் நாட்டை விட்டுப் போவதும் அதிகரித்தது. செயற்கைச் சுவாசக் கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடும். இரவும் பகலும் அதன் அருகில் நிற்கப் பயின்ற தாதி ஒரு ஆண்டில் உருவாக மாட்டார். ஆதார வைத்தியசாலைகளில் ஆளணி வேண்டும் என்ற வடமராட்சி, தென்மராட்சி மக்களின் கோரிக்கை நியாயமானது.

ஆனால் கட்டில் கடைசி வரிசைக் காவல். அதற்கு முன்வரிசை ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எலிக்காய்ச்சல் அறிவிக்கவேண்டிய நோய். உறுதியாக வேண்டியதில்லை, சந்தேகம் வந்தவுடனேயே மருத்துவர் 544ஆம் இலக்கச் சுகாதாரப் படிவத்தை நிரப்பி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பார். ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று படிவம் மேசையில் கிடந்தால், தனியார் மருந்தகத்தில் பனடோல் வாங்கிக்கொண்டு போனவர் எந்தப் படிவத்திலும் ஏறாவிட்டால், ஊர் விழித்துக்கொள்ள மரணம் ஒன்று தேவைப்படுகிறது.

எதைக் கேட்பது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. இனி வரும் மழைகளும் அடங்கி வரும் என்று நம்ப இடமில்லை. வெள்ள எச்சரிக்கை வரும் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு மட்டும் உரிய நாளாக இருக்கக்கூடாது. அன்றே காய்ச்சலின் கணக்கும் தொடங்குகிறது.

ஆகவே மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கட்டில் எத்தனை என்ற கேள்வியோடு இன்னும் சில கேள்விகளும் எழவேண்டும். சென்ற பருவமழையில் முதல் சந்தேக நோயாளிக்கும் முதல் அறிவித்தல் படிவத்துக்கும் இடையில் எத்தனை நாள்? மாதிரி போய் முடிவு வர எத்தனை நாள்? வெள்ள எச்சரிக்கைக்குப் பிறகு எத்தனை நாளில் கமநல சேவை நிலையங்களுக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் டொக்ஸிசைக்கிளின் போய்ச் சேர்ந்தது? காய்ச்சலோடு வருபவரிடம் வயலில் இறங்கினீர்களா என்று கேட்கும் வழக்கம் எத்தனை வெளிநோயாளர் பிரிவுகளில் உண்டு? இவற்றுக்கு விடை எண்ணாக வரவேண்டும்; அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு குறையவேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்க மார்கழி வரை பொறுக்கத் தேவையில்லை. கமக்காரர் விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்தும் புரட்டாதியிலேயே, அடுத்த வெள்ளத்துக்கான குளிசை எந்த அலுமாரியில் இருக்கிறது, அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடலாம்.